வின்சென்ட் தங்கும் வீடு

சான்செர் மலைநகரம்
1573 மார்ச் 12

தம்பி சில்வேனுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்பது மதில்மேல் நின்று பார்த்தாலே தெரிகிறது. எங்கள் ஊரை முற்றுகையிட்டிருக்கும் ராஜாவின் படை தன் பதுங்குகுழிக்கு முன்னால் மண் நிரப்பி அடுக்கியிருக்கும் பீப்பாய்களில் பாதி உன் கைவேலை. வளையத்தின் நுனியை உள்பக்கமாக மடித்துச் செருகுகிறவர்கள் இந்தச் சீமையில் இரண்டே பேர். ஒருவர் நம் அப்பா. அவர் செத்துப்போனார்.

அப்பா பீப்பாய் செய்தது திராட்சை ரசம் ஊற்றிவைக்க. நீ செய்வது, உன் அண்ணனைச் சுடுகிறவன் ஒளிந்துகொள்ள.

இந்தக் கடிதத்தைக் கல்லில் சுற்றிக் கவணால் எறிகிறேன். சின்ன வயதில் நாம் கொடிகளுக்கு நடுவே குருவி விரட்டிய அதே கவண். எங்களிடம் துப்பாக்கி குறைவுதான். ஆனால் இந்த மலையில் ஒவ்வொரு திராட்சைக்காரன் இடுப்பிலும் ஒரு கவண் தொங்குகிறது. உன் பீப்பாய்க்குத்தான் குறி வைத்தேன். தலைக்கு வைத்திருந்தால் நீ இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாய்.

என் பேத்தி யூதித்து மதிலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கீழ சுத்தியல் வச்சிருக்காரே, அது சின்னத் தாத்தாவா?" என்றாள். "இல்லம்மா, யாரோ பீப்பாய்க்காரன்" என்றேன்.

மாத்துரேன்


சான் சதூர், மலையடிவாரம்
மார்ச் 27

அண்ணனுக்கு,

உங்கள் கல் ஒரு படைவீரனின் சூப்புச் சட்டியை உடைத்தது. அவன் என் முதுகை உடைத்தான். இந்தப் பதிலை முரசுக்காரன் கொண்டுவருகிறான். செத்தவர்களைப் புதைக்கச் சண்டை நிற்கும் நாட்களில் அவன் இரண்டு பக்கமும் போய்வருவான்.

பீப்பாய் செய்ய மாட்டேன் என்று சொல்லும் வசதி எனக்கு இல்லை. என் வீட்டில் ஆறு வீரர்கள் தங்கியிருக்கிறார்கள். என் மனைவி கொலெத் மூன்று மாதமாக அவர்களுக்கு வடித்துக்கொட்டுகிறாள்.

அப்பாவின் கைவேலையைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்கிறதா? திராட்சைக்காரர் சங்கத்தின் புனித வின்சென்ட் சுரூபம் வருஷத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். ஜனவரி 22, அவர் திருநாளில், அடுத்த வீட்டுக்குப் போகும். பதினோரு வருஷத்துக்கு முன் அது உங்கள் வீட்டில் இருந்தது. அடுத்தது என் முறை. நான் வாசலைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சங்கத்தாரோடு நின்றுகொண்டிருந்தேன். சுரூபமே கூடாது என்கிற புது வேதத்தில் சேர்ந்திருந்த நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள். "அடுப்புல போட்டுட்டேன்டா. நல்லா எரிஞ்சுது" என்றீர்கள். ஊரே கேட்டது.

அந்தச் சுரூபத்தின் உடைந்த வலது கையை அப்பாதான் புதிதாகச் செதுக்கி ஒட்டினார். அதன் கன்றுத்தோல் அங்கிக்கு, பொன்பூசிய அந்த அங்கிக்கு, நூறு வருஷம் வருஷாவருஷம் பன்றிக்கொழுப்புத் தேய்த்துக் காப்பாற்றி வந்தார்கள். வின்சென்ட் வந்திறங்கும் நாளில் அந்த வீட்டுக் கதவை யார் தட்டினாலும் பெயரும் ஊரும் கேட்காமல் ரொட்டி கொடுக்க வேண்டும். அன்று என் வாசலுக்கு வந்த ஏழைகளை நான் திருப்பி அனுப்பினேன். சுரூபம் இல்லாத வீட்டில் ஏது திருநாள்?

பீப்பாய்க்காரன்


சான்செர்
ஏப்ரல் 20

தம்பி,

நீ சுரூபம் என்கிறாய். நான் மரக்கட்டை என்கிறேன். என் மகன் தானியேல் மரக்கட்டை அல்ல.

போன ஆகஸ்டில் பாரிஸில் எங்கள் வேதத்து ஆட்களை வெட்டத் தொடங்கினார்கள். அந்த வெட்டு பூர்ஜ் நகரத்துக்கு வந்த நாளில் தானியேல் அங்கே இருந்தான். பீப்பாய் விற்கப் போன நீயும் இருந்தாய். அவன் செத்தான். நீ வந்தாய். வந்தது போதாது என்று அவன் உடலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். "சாகறப்ப நம்ம வேதத்துக்குத் திரும்பிட்டான்" என்று உன் பங்குச் சாமியிடம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, உங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாய்.

என் மகன் திரும்பியிருக்க மாட்டான். அவன் உயிரை எடுத்தது எவனோ. அவன் விசுவாசத்தை எடுத்தவன் நீ.

கழுதைகள் தீர்ந்துவிட்டன. இப்போது குதிரை. நிலவறை நிறைய ரசம் இருக்கிறது, ரொட்டிதான் இல்லை. ஆனால் நாங்கள் பணிவோம் என்று உன் படைத்தலைவனிடம் சொல்லாதே. இனி பூனை இருக்கிறது, நாய் இருக்கிறது, எலி இருக்கிறது.

மாத்துரேன்


சான் சதூர்
மே 14

அண்ணனுக்கு,

தானியேல் எதுவும் சொல்லவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பேசும் நிலையில் இல்லை. நான் சொன்னது பொய்தான். சொல்லாவிட்டால் மற்றவர்களைப் போல அவனையும் ஆற்றில் எறிந்திருப்பார்கள். அந்தப் பொய்க்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். நான் அதைச் சுமந்துகொள்கிறேன்.

செத்தவனை விடுங்கள். இருக்கிற அவன் மகளைப் பற்றி எழுதுகிறேன். தாயும் இல்லாத பிள்ளை. உங்கள் ஊர் தன் கிழவர்களையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கத்து வீரர்கள் அவர்களைத் தடியால் அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நடுவில் கிடந்து சாகிறார்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

யூதித்துக்கு மட்டும் வழி உண்டு. படைத்தலைவருக்கு என் பீப்பாய்கள் தேவை. அவள் கிழக்கு வாசலுக்கு எதிரே உள்ள காவலில் மண்டியிட்டு, சிலுவை அடையாளம் போட்டு, மாதா மந்திரம் சொல்லட்டும். விட்டுவிடுவார்கள். கொலெத் கட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

சில்வேன்


சான்செர்
ஜூன் 6

தம்பி,

காகிதம் தீர்ந்துவிட்டது. உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

கொலெத்தின் கட்டிலை விறகாக்கு. என் பேத்தி சிலுவை போட மாட்டாள். மாதாவிடம் கெஞ்ச மாட்டாள். அவள் அப்பனை ஒரு பொய்யோடு புதைத்தாய். அவளை ஒரு பொய்யோடு வளர்க்கப் பார்க்கிறாய்.

நாங்கள் தோலுக்கு வந்துவிட்டோம். நேற்று யூதித்து, "தாத்தா, செருப்பு கசக்குமா?" என்று கேட்டாள். "யாரு செருப்புங்கறதப் பொறுத்தும்மா. வக்கீல் செருப்பு கசக்கும்" என்றேன். சிரித்தாள். சிரித்தால் பல் மட்டும்தான் தெரிகிறது, கன்னம் ஒட்டிவிட்டது. எங்கள் தெருவில் போன வாரம் ஒரு வீட்டுச் சட்டியில் கண்டதை எழுத மாட்டேன். நீ சொல்லிக் காட்டுவாய்.

கடைசி வரிகளை உனக்கு ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடிக்கலாம் என்றால் மை குறைவு.

மாத்துரேன்


சான் சதூர்
ஜூன் 12

அண்ணா,

சிலுவையும் வேண்டாம், மாதாவும் வேண்டாம். காவல் தலைவனிடம் பேசி முடித்துவிட்டேன். அவள் பரலோக மந்திரம் ஒன்றைச் சொன்னால் போதும். நீங்கள் அதைப் பரமண்டல ஜெபம் என்பீர்கள். ஆண்டவர் தம் வாயால் கற்றுக்கொடுத்தது. உங்கள் போதகரும் சொல்கிறார், எங்கள் சாமியாரும் சொல்கிறார். இதிலும் உங்களுக்கு வழக்கு உண்டா?

ஜூன் 24, யோவான் திருநாள், பொழுது விடிந்ததும் அனுப்புங்கள். நான் என் கடைசி வரிசைப் பீப்பாய்க்குப் பின்னால் நிற்பேன்.

பிடிவாதம் உங்கள் சொத்து. வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.

சில்வேன்


சான்செர்
ஜூன் 29

சில்வேன்,

அனுப்பினேன். வாழ்க்கையில் ஒருமுறை உன் பேச்சைக் கேட்டேன்.

நீ பீப்பாய்க்குப் பின்னால் நின்றாய். நான் மதில்மேல் நின்றேன். அவள் மண்டியிட்டதையும் வாய் திறந்ததையும் பார்த்தேன். என்ன நடந்தது என்பதைப் பிறகு அவளே சொன்னாள். நீ தூரத்தில் இருந்தாய், கேட்டிருக்காது. கேள்.

காவல்காரன், "சொல்லு பாப்பா" என்றிருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தபடி, நாம் பேசுகிற பாஷையில், நிறுத்தி நிதானமாக ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு வரிகூட முடியவில்லை. "நிறுத்து, நிறுத்து. என்னது இது? எங்கம்மா சொல்ற மாதிரி இல்லியே. எல்லாம் புரியுதே!" என்றானாம். பக்கத்தில் இருந்தவன், "புரியற மாதிரி ஜெபம் பண்றது மலைமேல இருக்கற கூட்டம்தாண்டா" என்றானாம். இவள் விடுவாளா? என் பேத்தி. "புரியாம எப்படிக் கேக்கறது?" என்றிருக்கிறாள். ஈட்டிக் கட்டையால் தோளில் ஒன்று விழுந்தது.

இலத்தீனில் சொல்ல வேண்டும் என்று நீ ஏன் எழுதவில்லை?

நாலு நாள் நடுவில் கிடந்தாள். திராட்சைக் கொடியின் தளிரும் நத்தையும் தின்றாள். எங்கள் ஊர்க் கதவும் திறக்கவில்லை. வெளியே போனவர் திரும்ப வரக்கூடாது என்பது எங்கள் சபையின் உத்தரவு. அந்த உத்தரவுக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஐந்தாம் நாள் விடியலில் திராட்சைக் குலை சுமக்கும் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி அவளை மேலே இழுத்தேன். பழக்கூடை அளவுகூட கனக்கவில்லை.

மாத்துரேன்


சான் சதூர்
ஜூலை 4

நீ ஏன் கேட்கவில்லை?

ஆமாம், நீ என்றுதான் எழுதுகிறேன். ஐம்பது வருஷமாக இலத்தீனில் சொல்கிறேன். அதை வேறு பாஷையில் சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நீயும் சின்ன வயதில் என் பக்கத்தில் மண்டியிட்டு அதே இலத்தீனைத்தானே முணுமுணுத்தாய்? நாற்பது வயதில் புத்தகம் பார்த்துத் தானாக எழுத்துக் கற்றவன் என்று பெருமை பேசுவாயே, அப்போது பழையதையெல்லாம் துடைத்துவிட்டாயா? மறந்தது உன் குற்றம். மறக்காதது என் குற்றம். அடி பிள்ளைக்கு.

நான் ஓடினேன். பாதியில் பிடித்து இரண்டு நாள் அடைத்துவைத்தார்கள். வெளியே வந்ததும் அவள் கிடந்த பக்கமாக ரொட்டியை எறிந்தேன். எட்டவில்லை. மறுநாளும் எட்டவில்லை. கவண் எப்போதும் உனக்குத்தான் கைவரும்.

இனி எந்த மந்திரத்துக்கும் வழி இல்லை. படைத்தலைவர் கதவை மூடிவிட்டார். அவளுக்கு ஏதாவது கொடு. எதையாவது கொடு.

சில்வேன்


சான்செர்
ஜூலை 26

தம்பி,

படித்ததும் இதை எரித்துவிடு. எங்கள் போதகர் கையில் கிடைத்தால் என்னைச் சபையிலிருந்து தள்ளிவைப்பார். உன் சாமியார் கையில் கிடைத்தால் என்ன செய்வாரோ.

வின்சென்ட்டை நான் எரிக்கவில்லை.

அன்று அடுப்பை மூட்டியது நிஜம். சபை ஆட்கள் இரண்டு பேர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். கட்டையைக் கையில் எடுத்தேன். திராட்சைக் குலையைப் பிடித்திருக்கும் அந்த வலது கையில் சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் தன் கையைப் பார்த்தே செதுக்கியிருக்கிறார். ஒரு பழைய பீப்பாயைப் போட்டு எரித்துப் புகையைக் காட்டி அவர்களை அனுப்பினேன். வின்சென்ட்டை நிலவறையில் ஒரு காலிப் பீப்பாய்க்குள் இறக்கி மூடினேன். அக்ரூட் மரம் அடுப்புக்கு ஆகாது, புகையும். அதுதான் காரணம். வேறு காரணம் தேடாதே.

உன்னிடமும் எரித்ததாகச் சொன்னேன், சபையிடமும் எரித்ததாகச் சொன்னேன். பதினோரு வருஷம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பொய். அதனால் நீ தானியேலைப் புதைக்கச் சொன்ன பொய்யைப் பற்றி இனி நான் எழுத மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

இந்த மாதம் இருபதாம் தேதி யூதித்து படுக்கையிலிருந்து எழவில்லை. அதற்குள் செருப்பு, இடைவார், குதிரைச் சேணம், எல்லாம் முடிந்திருந்தது. என் கவணின் தோல்மடியைக்கூட வேகவைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் கல்லோடு வராமல் முரசுக்காரனோடு வருகிறது.

நிலவறைக்குப் போனேன். அங்கியைக் கழற்றினேன். பொன்பூச்சைச் சுரண்டினேன், முழுக்கப் போகவில்லை. இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, அரைநாள் வேகவைத்தேன். உங்கள் சங்கம் நூறு வருஷமாகத் தேய்த்த பன்றிக்கொழுப்பு மேலே மிதந்தது. தெரு முழுக்க வாசனை. பக்கத்து வீட்டு நொயேமி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் தட்டினாள்.

"மாத்துரேன் அண்ணே, என்ன வேகுது?"

"பழைய கோட்டு."

"யாரோடது?"

"ஒரு டீக்கனோடது."

பொய் இல்லை. வின்சென்ட் சாமியாருக்குக் கீழே தொண்டு செய்த டீக்கன்தானே. எங்கள் சபையிலும் டீக்கன்கள் உண்டு, போன மாதம் இரண்டு பேர் செத்தார்கள். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு கைப்பகுதியைக் கொடுத்தனுப்பினேன்.

யூதித்து முதல் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தாத்தா இது?"

"கன்னுக்குட்டி."

"மினுமினுக்குதே?"

"பணக்காரக் கன்னுக்குட்டி. பேசாமத் தின்னு."

பூசையில் அப்பத்தைத் தின்றுவிட்டுக் கடவுளைத் தின்றோம் என்கிறீர்களே என்று உங்களைக் கிண்டல் செய்து வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். இப்போது நீ சிரித்துக்கொள். என்னால் சிரிக்க முடியவில்லை. மெல்ல வேண்டியிருந்தது.

நேற்று எழுந்து உட்கார்ந்தாள்.

மாத்துரேன்


சான் சதூர்
ஆகஸ்ட் 3

அண்ணனுக்கு,

எரிக்கச் சொன்னதை எரிக்கவில்லை. நம் குடும்பத்தில் அது வழக்கம் போலிருக்கிறது.

பதினோரு வருஷம்! மூன்று தடவை பனி விழுந்து கொடி கருகியது. மூன்று தடவையும் சங்கத்தார் என் முகத்துக்கு நேராக, "எல்லாம் உங்க அண்ணன் மூட்டுன அடுப்போட பலன்" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரோ உங்கள் நிலவறையில் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தார். அதுவும் நான் செய்து கொடுத்த பீப்பாயாகத்தான் இருக்கும்.

கொலெத்திடம் படித்துக் காட்டினேன். அழுதாள். "பாத்தீங்களா, பிள்ளைக்காக வின்சென்ட் போட்டிருந்த துணியையும் கழட்டிக் குடுத்துட்டாரு" என்றாள். நானும் அதையேதான் சொல்கிறேன். வின்சென்ட் அவளைக் காப்பாற்றினார். உங்கள் கையால், உங்கள் சட்டியில். இந்த ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

சில்வேன்


சான்செர்
ஆகஸ்ட் 25

தம்பி,

ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளைக் காப்பாற்றியது நூறு வருஷத்துக்கு முன் செத்த ஒரு கன்றுக்குட்டி. அதன் பெயர் உன் சாமியாரின் நாட்காட்டியில் எந்தத் தேதியிலும் இல்லை.

ஊர் பணிந்துவிட்டது. உனக்குத் தெரியும். உயிரை விட்டுவைத்தார்கள். கோயில் மணியையும் கடிகாரத்தையும் இறக்கிக்கொண்டு போனார்கள். மதிலை எங்களையே இடிக்கச் சொல்கிறார்கள். ஏழு மாதம் எந்தக் கல்லைக் காத்தேனோ அதே கல்லை இன்று உருட்டிவிட்டேன். கீழே வரும் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும்.

முரசுக்காரன் வண்டியில் ஒரு சாக்குமூட்டை வரும். உன் முறை வந்த பொருள். அங்கி இல்லை, அது எங்கே என்று உனக்குத் தெரியும். கையைப் பார்த்து எடு, சுண்டுவிரலில் விரிசல் விட்டிருக்கிறது.

பிள்ளையை அனுப்ப மாட்டேன். கட்டை உன் முறை. பிள்ளை என் முறை.

மாத்துரேன்


சான் சதூர்
1574 ஜனவரி 8

அண்ணனுக்கு,

விரிசலை ஒட்டிவிட்டேன். அங்கி எங்கே என்று சங்கத்தார் கேட்டார்கள். மலைமேல் எலி தின்றுவிட்டது என்றேன். சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. கொலெத் கம்பளியில் ஒரு அங்கி தைத்திருக்கிறாள். பார்க்க ஆட்டிடையன் மாதிரி இருக்கிறார்.

தானியேலின் கல்லறைமேல் இருக்கும் சிலுவையை நீங்கள் எடுக்கச் சொல்வீர்கள். எடுக்க மாட்டேன். அதில் அவன் பெயரைத் தவிர வேறு எதையும் நான் எழுதவில்லை.

இந்த 22ஆம் தேதி வின்சென்ட் முறைப்படி என் வீட்டுக்கு வருகிறார், பன்னிரண்டு வருஷம் தாமதமாக. இது அழைப்பு அல்ல. வழக்கத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறேன். அன்று கதவைத் தட்டுகிறவர் யார், எந்த வேதம் என்று நான் கேட்க முடியாது.

சில்வேன்


சான்செர்
ஜனவரி 17

தம்பி,

நான் வர மாட்டேன். கட்டைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய வீட்டில் எனக்கு வேலை இல்லை.

யூதித்து வருவாள். தட்டுவாள். ரொட்டியைக் கொடு. ஒரேயடியாகக் கொடுக்காதே, இன்னும் அவள் வயிறு பழகவில்லை. மீதியை மடியில் ஒளித்துவைப்பாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கச் சொல் கொலெத்தை.

அவள் அப்பன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் காட்டு.

சாப்பிடும் முன் ஜெபம் சொல்வாள். யாரும் குறுக்கே பேசக்கூடாது. அம்மா நம் இருவரையும் திட்டிய பாஷையில்தான் சொல்வாள். உனக்கும் புரியும். புரிந்தால் ஒன்றும் செத்துவிட மாட்டாய்.

பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்பு. மலைப்பாதையில் பாதித் தூரம்வரை, உடைந்த ஆலை இருக்கும் இடம்வரை, நான் இறங்கி வந்து நிற்பேன். அதற்கு மேல் ஓர் அடி கீழே வைக்க மாட்டேன்.

கவணுக்குப் புதுத் தோல்மடி கட்டியிருக்கிறேன். அவள் வரத் தாமதமானால் உன் கதவுக்கு ஒரு கல் வரும். அதில் கடிதம் சுற்றியிருக்காது.

மாத்துரேன்